வேப்பங்கொட்டைத் தண்ணியைப் போத்தலில அடைச்சு விக்கலாமோ? (மிளகாய்க் குருமன்)

மல்லாவிப்பொடியன் எழுதினது:

அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், கோவிக்காதேங்கோ. எங்கட வீட்டில கால் ஏக்கர் மிளகாய் நிக்குது, போன முறையும் இந்த முறையும் குருமன் பிடிச்சு நுனி எல்லாம் சுருண்டு போச்சு. கடையில தந்த மருந்து முதல் போகம் நல்லா வேலை செய்தது, இப்ப அடிச்சால் தண்ணி அடிச்ச மாதிரித்தான் கிடக்கு. அம்மா பழைய முறையில வேப்பங்கொட்டையை உரலில இடிச்சு இராவு ஊறப்போட்டு, விடிய வேட்டித்துண்டில வடிச்சு, சன்லைற் சவர்க்காரம் கொஞ்சம் கரைச்சு அடிக்கிறவ. அது அடிச்ச வரிசையில கண்டு கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு எண்டு பக்கத்துக் காணிக்காரரும் வந்து கேக்கினம், இரண்டு பேர் காசு தாறம் எண்டும் சொல்லிப்போட்டினம்.

இப்ப என்ர யோசனை என்னண்டால், எங்கட பக்கம் வேம்பு றோட்டுக்கரை எல்லாம் நிக்குது, நொச்சி இருக்கு, ஆடாதோடை இருக்கு, புகையிலையும் எடுக்கலாம். இதெல்லாம் சேத்து ஒரு மருந்து செய்து போத்தலில அடைச்சு பேர் போட்டு வித்தால் என்ன? பேஸ்புக்கில ஒருத்தர் வேம்பு, புகையிலை, உள்ளி, அலரி விதை எல்லாம் போட்டுக் காய்ச்சச் சொல்லி வீடியோ போட்டிருக்கிறார், நல்ல லைக் போயிருக்கு. புதுசா ஒரு மருந்து கண்டுபிடிக்கிறது எண்டால் உண்மையில என்ன செய்யோணும்? இயற்கை மருந்துக்கும் பூச்சி பழகிப்போகுமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.


முத்தையன்கட்டு_தோட்டம் எழுதினது:

தம்பி, மருந்து செய்யிறது பிறகு. முதல்ல உன்ர கண்டில நிக்கிறது ஆர் எண்டு பாத்தியோ? குருமன் எண்டு நாங்கள் ஒரே பேரில சொல்லுறதுக்குள்ள மூண்டு ஆக்கள் இருக்கினம். இலை மேல்பக்கமா, தோணி மாதிரி மடிஞ்சால் அது பனிப்பூச்சி, கடைக்காரர் திரிப்ஸ் எண்டுவினம். இலை கீழ்ப்பக்கமாக் கவிண்டு, காம்பு நீண்டு, குருத்து இலை சின்னதாகி வந்தால் அது சிற்றுண்ணி. நரம்பு தடிச்சு மஞ்சளடிச்சு முழுக் கண்டும் குறண்டிப்போனால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், அதுக்கு ஒரு மருந்தும் இல்லை, புடுங்கி எரிக்கவேண்டியதுதான்.

ஒரு கறுத்தக் கடுதாசியைக் குருத்துக்குக் கீழ பிடிச்சு இரண்டு தட்டுத் தட்டு. மஞ்சளா நூல்த்துண்டு மாதிரி விழுந்து ஓடினால் பனிப்பூச்சி. சிற்றுண்ணி வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, பூதக்கண்ணாடி வேணும், இலைக்குக் கீழ நரம்போரமாப் பாக்கோணும்.

ஏன் சொல்லுறன் எண்டால், சிற்றுண்ணி பூச்சி இல்லை, சிலந்திச் சாதி. நிறையப் பூச்சி மருந்து அதுக்கு ஏறாது. அதோட சில மருந்து அடிச்சால் அதைத் தின்னுற நல்ல பூச்சிகள் செத்துப்போய் சிற்றுண்ணி இன்னும் கூடும். எங்கட பக்கம் ஆக்கள் குருமன் கூடக்கூட மருந்தையும் கூட்டிக் கூட்டி அடிக்கிறது இதாலதான். சிற்றுண்ணிக்கு நனையிற கந்தகத் தூள் நல்லா வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் உச்சி வெய்யிலில அடிச்சால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடிச்ச கண்டுக்கு இரண்டு கிழமை போகாமல் கந்தகம் போடவே கூடாது.


பூச்சிப்பிரியை எழுதினது:

முத்தையன்கட்டு அண்ணை சொன்னதுதான் முதல் வேலை. நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில இந்தப் பூச்சி வேலைதான் செய்யிறன், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன், பொறுமையா வாசியுங்கோ தம்பி.

அம்மா அடிச்ச தண்ணியில என்ன வேலை செய்தது எண்டு உங்களுக்கு இப்ப தெரியாது. வெறும் சவர்க்காரத் தண்ணியே மெல்லிய தோல் உள்ள பூச்சியைக் கொல்லும். பனிப்பூச்சிக் குஞ்சு, அசுவினி, வெள்ளை ஈக்குஞ்சு எல்லாம் அதில சாகும். சும்மா தண்ணியை இலைக்கீழ்ப்பக்கம் வேகமா அடிச்சாலே பாதி கழுவுப்பட்டுப் போயிடும். ஆகவே குறைஞ்சது நாலு வகை வரிசை வேணும்: ஒண்டும் அடிக்காதது, தண்ணியும் சவர்க்காரமும் மட்டும் அடிச்சது, வேப்பங்கொட்டையும் சவர்க்காரமும் அடிச்சது, கடை மருந்து அடிச்சது. இதையும் காணியின்ர ஒரு மூலையில ஒரே இடத்தில வைக்கக்கூடாது, ஏனெண்டால் வேலியோரத்தில எப்பவும் பூச்சி கூட. ஒவ்வொண்டையும் நாலு இடத்தில மாத்தி மாத்திப் போட்டு, எந்த வரிசைக்கு எது எண்டு சீட்டுக் குலுக்கி எடுக்கோணும். பிறகு குருத்தைத் தட்டி எண்ணி எழுதுங்கோ. அடிக்காத வரிசை விடுறதுக்கு மனம் வராது, எனக்குத் தெரியும், கமக்காரர் எல்லாருக்கும் அதுதான் கஷ்டம். ஆனால் அது இல்லாட்டி மழை பெஞ்சு பூச்சி குறைஞ்சதும் மருந்தின்ர கெட்டித்தனம் எண்டு எழுதுப்படும்.

இனி வேம்புக்கு வாறன். 1959இல சூடானில வெட்டுக்கிளிப் படை வந்து பச்சை எல்லாத்தையும் திண்டு முடிக்க, வேம்பு மட்டும் அப்பிடியே நிண்டதை ஸ்முட்டரர் எண்ட ஜேர்மன் பூச்சியியலாளர் கவனிச்சார். 1968இல இங்கிலாந்தில பட்டர்வேத், மோர்கன் எண்ட இரண்டு பேர் கொட்டையில இருந்து அசாடிரக்டின் எண்ட பொருளைப் பிரிச்சு எடுத்தவை. அதின்ர அமைப்பைச் சரியாக் கண்டுபிடிக்கவே 1985 தாண்டிப்போச்சு. அதைப் பரிசோதனைச்சாலையில முழுசாச் செய்து முடிச்சது 2007இல, கேம்பிரிட்ஜில ஸ்டீவன் லேயின்ர ஆக்கள் 22 வருசமா அதிலேயே நிண்டவை. அவ்வளவு சிக்கலான மூலக்கூறு. அதால இண்டைக்கும் அதை ஆரும் பக்டரியில செய்து விக்கிறதில்லை, கொட்டையில இருந்துதான் எடுக்கினம்.

அது பூச்சியை உடன கொல்லுற சாமான் இல்லை. திண்ட பூச்சிக்குப் பசி போகும், குஞ்சு தோல் உரிக்கிறது குழம்பும், முட்டை குறையும். அதால அடிச்ச அடுத்தநாள் போய்ப் பாத்து வேலை செய்யேல்லை எண்டு சொல்லக்கூடாது. குஞ்சுக்கு ஏறும், வளந்ததுக்கு அவ்வளவா ஏறாது.

போத்தல் விசயத்தில இங்கதான் சிக்கல். அசாடிரக்டின் வெய்யிலில உடையும், சூட்டில உடையும், கார நீரிலயும் உடையும். வீடியோவில சொன்ன மாதிரிக் காய்ச்சினால் வேப்பங்கொட்டையில இருந்த நல்லதை அடுப்பில விட்டுட்டு மிச்சத்தை அடிக்கிறியள். சவர்க்காரம் காரம், அதோட எங்கட சில கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தான், அதால சவர்க்காரத்தை அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முதல்தான் சேக்கோணும். தண்ணியில ஊறினது நாள் போகப்போகப் புளிக்கும், மணக்கும், வலுவும் போகும். அம்மா இராவு ஊறப்போட்டு விடிய வடிச்சு அடிச்சதால அவவுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. ஒரே மாதிரிப் போத்தல் நூறு செய்யோணும் எண்டு வெளிக்கிட்டால் மரத்துக்கு மரம் கொட்டையில இருக்கிற அளவு வித்தியாசம், பழைய கொட்டையில குறைவு, ஈரத்தில பூஞ்சணம் பிடிச்சதில நஞ்சே இருக்கலாம். கொம்பனிக்காரர் எண்ணெயில கரைச்சு, வெய்யிலில உடையாமல் இருக்கச் சாமான் சேத்து, ஒவ்வொரு தொகுதியையும் அளந்து பாத்துத்தான் போத்தலில அடைக்கினம். நாங்கள் பிழைக்கிற இடம் அந்த அளவெடுக்கிறதிலதான்.


உரக்கடைக்காரன் எழுதினது:

அக்கா நல்லாச் சொல்லிப்போட்டா. நான் கடைப்பக்கத்துக் கதை சொல்லுறன்.

தம்பி, 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்க பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. பேராதனையில இருக்கிற பீடைநாசினிப் பதிவாளரிட்டப் பதியாமல் பூச்சி மருந்து எண்டு ஒண்டையும் விக்க ஏலாது, வேப்பம் தண்ணியா இருந்தாலும் அதே சட்டம்தான். உன்ர காணிக்கு நீ ஊறப்போட்டு அடிக்கிறதை ஒருத்தரும் கேக்கமாட்டினம், லேபிள் ஒட்டி வித்தால்தான் பிரச்சினை. சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம் எண்டு கேட்டால், எங்கட நாட்டில பூச்சி மருந்து குடிச்சுச் செத்த சனத்தின்ர கணக்கு அப்பிடி. கொடுமையான மருந்துகளை ஒண்டொண்டா நிப்பாட்டிக்கொண்டு வந்தவை, பரக்குவாற் எண்ட களைநாசினியும் 2008க்கும் 2011க்கும் இடையில படிப்படியா நிண்டது, அதோட சாவும் குறைஞ்சது.

மருந்து ஏன் ஒரு போகத்தோட வேலை செய்யாமப் போகுது எண்டும் சொல்லுறன். ஒரு தோட்டத்தில லட்சம் பூச்சி இருந்தால் அதில ஒண்டிரண்டு பிறப்பிலேயே அந்த மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும். மற்றதெல்லாம் சாக, அந்த ஒண்டிரண்டுதான் குஞ்சு பொரிக்குது. அடுத்தமுறை அதே மருந்து, இல்லாட்டி அதே சாதி மருந்து வேற பேரில. சனம் கடைக்கு வந்து "வேற பேர் தாங்கோ" எண்டுதான் கேக்குது, பேர் மாறினாலும் உள்ள இருக்கிறது ஒண்டுதான். லேபிளில, மருந்து பூச்சியை எப்பிடித் தாக்குது எண்டு காட்டுற குழு இலக்கம் இருக்கும், இமிடாகுளோபிரிட் 4ஏ, அபமெக்டின் 6, ஸ்பைனோசாட் 5, கராத்தே மாதிரி ஆக்கள் 3ஏ. இலக்கம் மாறினால்தான் மருந்து மாறினது. மூண்டு போத்தலை ஒரே ராங்கிக்குள்ள ஊத்தி அடிக்கிறவைக்கு நான் ஒண்டும் சொல்லுறதில்லை, சொல்லியும் கேக்கமாட்டினம்.


பழைய_வன்னியான் எழுதினது:

பூச்சி பழகிறதைப் பற்றி எங்கட ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை பிள்ளையள். ஒரு காலத்தில வன்னி எண்டாலே மலேரியாதான், குளமும் காடும் இருந்தும் சனம் குடியேறப் பயந்தது அதாலதான். டிடிரி (DDT) எண்ட பூச்சி மருந்து வந்து வீட்டுச் சுவர் எல்லாம் அடிச்சு, 1963இல இலங்கை முழுக்க 17 பேருக்குத்தான் காய்ச்சல் எண்டு கணக்கு வந்தது. முடிஞ்சுது எண்டு நினைச்சு அடிக்கிறதைக் குறைச்சவை, 1969இல ஐஞ்சு லட்சத்துக்கும் மேல திரும்ப வந்தது. திரும்ப டிடிரி அடிக்க நுளம்பு சாகேல்லை, பிறகு 1977இல மலத்தியன் எண்ட வேற மருந்துக்கு மாறினவை. கடைசியில 2016இல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு எழுதித் தந்தது மருந்தால மட்டும் இல்லை, ஒவ்வொரு காய்ச்சல்காரனையும் தேடி இரத்தம் எடுத்துப் பாத்ததால.

அதோட தம்பி, உம்மட கண்டுபிடிப்பை ஆரும் களவெடுப்பினமோ எண்ட பயம் வேண்டாம். வேப்பெண்ணெய் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் எண்டு அமெரிக்கக் கொம்பனி ஒண்டும் அந்த நாட்டு விவசாயத் திணைக்களமும் ஐரோப்பாவில 1994இல காப்புரிமை எடுத்தினம். இந்தியாவில இருந்து போய் வழக்காடி 2000இல அதை ரத்துச் செய்விச்சவை, மேன்முறையீடும் 2005இல தோத்துப்போச்சு. எங்கட அப்பு ஆச்சி பாவிச்சது புதுசு இல்லை எண்டதுதான் காரணம். அதே காரணத்தால நீரும் அதுக்குக் காப்புரிமை எடுக்க ஏலாது, ஹி ஹி.


கறுப்பி_பூநகரி எழுதினது:

எல்லாரும் நஞ்சு நஞ்சு எண்டு கடை மருந்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறியள். இயற்கைக்கு மாறோணும் எண்டு ஆரும் சொன்னாப் பகிடி பண்ணுறியள். அந்தக் கொம்பனி மருந்தெல்லாம் எங்கட மண்ணை நாசமாக்கினது காணாதோ?


பூச்சிப்பிரியை எழுதினது:

தங்கச்சி, ஆரும் பகிடி பண்ணேல்லை. ஆனால் இயற்கை ஒரு பக்கம், கொம்பனி ஒரு பக்கம் எண்டு பிரிக்கிறது சரிவராது, கேளுங்கோ.

கடையில பனிப்பூச்சிக்குத் தாற ஸ்பைனோசாட் ஒரு மண் பக்ரீரியா செய்யிற பொருள். 1982இல கரிபியன் தீவொண்டில கைவிட்ட றம் வடிசாலையில எடுத்த மண்ணில அந்தப் பக்ரீரியாவைக் கண்டுபிடிச்சவை. சிற்றுண்ணிக்குத் தாற அபமெக்டினும் அப்பிடித்தான், ஜப்பானில கொல்ப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில ஒமுரா எண்டவர் எடுத்த பக்ரீரியாவில இருந்து வந்தது, அதே குடும்பத்து மருந்துதான் ஐவர்மெக்டின், யானைக்கால் வருத்தத்துக்கும் குடுக்கிறது, 2015இல நோபல் பரிசு கிடைச்சது. ஆனால் அபமெக்டின் இயற்கையில வந்தாலும் அசலா எடுத்தால் கடும் நஞ்சு, போத்தலில மிகக் கொஞ்சமாத்தான் இருக்கும்.

புகையிலையை எடுங்கோ. அதில இருக்கிற நிக்கொட்டின் தாக்கிற அதே இடத்தில பூச்சியின்ர நரம்பைத் தாக்கிற மாதிரி, மனுசருக்கு ஏறுறது குறைவா இருக்கிற மாதிரி வேதியலாளர் செய்ததுதான் இமிடாகுளோபிரிட், 1991இல விற்பனைக்கு வந்தது. அதுவும் பிறகு தேனீக்குக் கூடாது எண்டு ஐரோப்பாவில வெளியில பாவிக்கிறதைத் தடை செய்திட்டினம். செவ்வந்திச் சாதிப் பூ ஒண்டில இருந்து வந்த பைரெத்திரம் வெய்யிலில உடன உடையும் எண்டு, உடையாத மாதிரி எலியட் எண்டவர் செய்ததுதான் 1973இல பேர்மெத்திரின். காளான் ஒண்டு தன்னைக் காப்பாத்தச் செய்யிற பொருளைப் பாத்துத்தான் அசொக்சிஸ்ரோபின் எண்ட பூஞ்சண மருந்து வந்தது. பெரும்பாலும் ஒரே கதை: மரமும் காளானும் பக்ரீரியாவும் கோடிக்கணக்கான வருசமா ஒண்டோட ஒண்டு சண்டை பிடிச்சுச் செய்து வைச்ச ஆயுதத்தை நாங்கள் போய்ப் பாத்து, வெய்யிலுக்கும் மழைக்கும் மனுசருக்கும் சரிவாற மாதிரி மாத்தி எடுக்கிறம். 2010க்கும் 2014க்கும் இடையில வந்த மருந்துகளைக் கணக்குப் பாத்தால், ஒரு புது மருந்துக்கு ஏறக்குறைய 1,60,000 பொருளைச் சோதிச்சு, 11 வருசம் எடுத்து, 28 கோடி டொலருக்கும் மேல செலவழிச்சிருக்கினம். அதில ஒரு பங்கு மனுசர், மீன், தேனீ, மண், தண்ணி இதுகளுக்கு என்ன செய்யும் எண்டு பாக்கிறதுக்கு.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உரமும் மருந்தும் இறக்கக்கூடாது எண்டு வர்த்தமானி போட்டு, நவம்பரில திருப்பி எடுத்தவை, இடையில எங்கட வயல் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். இயற்கைக்கு மாறலாம், ஆனால் பதிலுக்கு ஒண்டைக் கையில வைச்சுக்கொண்டு மாறோணும்.

தம்பி, அந்த வீடியோ கஷாயத்தை மட்டும் செய்யாதேங்கோ. புகையிலைத் தண்ணி தோலாலயே உள்ள இறங்கும், மருந்தடிக்கிற மெசின் முதுகில ஒழுகினால் தலைசுத்தி வாந்தி வரும். அதோட காய்ச்சாமல் ஊறப்போட்டால் புகையிலையில இருக்கக்கூடிய மொசாயிக் வைரஸ் மிளகாய்க்கும் தொத்தும், பூச்சிக்கு அடிக்கப்போய் நோயைத் தெளிக்கிறியள். மஞ்சள் அலரி விதை இதயத்தை நிப்பாட்டுற நஞ்சு, அதைக் குசினியில காய்ச்சுறதைப்போல விசர் வேலை வேற இல்லை.


மல்லாவிப்பொடியன் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. கடுதாசி பிடிச்சுத் தட்டிப் பாத்தன், மஞ்சளா ஓடுது, பனிப்பூச்சிதான். கவிண்ட இலையும் கொஞ்சம் இருக்கு, இரண்டும் சேந்து நிக்குது போல. விக்கிற யோசனையை இப்ப விட்டிட்டன். அக்கா இன்னொண்டு, பக்கத்தில மாமா தக்காளி போட்டிருக்கிறார், பச்சையா நிண்ட கண்டு ஒரே நாளில வாடிச் சரியுது. மனுசர் குடிக்கிற அன்ரிபயோற்றிக் குளிசையைக் கரைச்சு ஊத்தலாம் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம், ஊத்தலாமோ?


பூச்சிப்பிரியை எழுதினது:

வேண்டாம், மாமாவிட்ட இண்டைக்கே சொல்லுங்கோ. முதல்ல பாருங்கோ: வாடின கண்டின்ர தண்டை அடியில வெட்டி, கண்ணாடிக் குவளையில தண்ணி விட்டு, வெட்டின முனை தண்ணிக்குள்ள தொடுற மாதிரிப் பிடியுங்கோ. கொஞ்ச நேரத்தில முனையில இருந்து பால் மாதிரி வெள்ளைத் திரி இறங்கினால் பக்ரீரியா வாடல். இறங்காட்டி பூஞ்சணமா இருக்கலாம், இல்லாட்டி வேர்ப்புழு.

பக்ரீரியா வாடல் எண்டால் அது மண்ணுக்குள்ளயும் தண்டுக்குள்ளயும் இருக்கு, குளிசையைக் கரைச்சு வேரில ஊத்தினால் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. மண்ணில இருக்கிற மற்றப் பக்ரீரியாக்கள்தான் அந்த மருந்துக்குப் பழகும், பழகின குணத்தை ஒண்டுக்கொண்டு குடுக்கவும் தெரியும் அதுகளுக்கு, பிறகு ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளைக்கு அதே குளிசை வேலை செய்யாது. பயிருக்கெண்டே செய்த அன்ரிபயோற்றிக்கும் உலகத்தில இருக்கு, ஜப்பானில கசுகா கோயில் மண்ணில எடுத்த பக்ரீரியாவில இருந்து வந்த கசுகமைசின் அப்பிடி ஒண்டு, நெல்லுக் குலைநோய்க்குப் பாவிச்சவை, அதுக்கும் ஜப்பானில எதிர்ப்பு வந்திட்டுது. புது அன்ரிபயோற்றிக் கண்டுபிடிக்கிறது பூச்சி மருந்தை விடக் கஷ்டம். மண் பக்ரீரியாவில பெரும்பாலானது ஆய்வுகூடத் தட்டில வளராது. அதுக்கெண்டு ஒரு சின்னத் தட்டைச் செய்து, அதை மண்ணுக்குள்ளயே தாட்டு வைச்சு வளத்து எடுத்ததுதான் 2015இல அறிவிச்ச ரெய்க்சோபக்ரின், அது இன்னும் மனுசருக்குப் பாவனைக்கு வரேல்லை. அவ்வளவு பாடுபட்டு ஒண்டு வாற நேரத்தில இருக்கிறதை நாங்கள் தக்காளிக்கு ஊத்துறம்.

மாமாவுக்குச் செய்யக்கூடியது: வாடினதை வேரோட மண்ணோட எடுத்து எரிக்கோணும், அந்தப் பாத்தித் தண்ணியை அடுத்த பாத்திக்கு விடக்கூடாது, மண்வெட்டியைக் கழுவோணும். அடுத்தமுறை அந்த இடத்தில தக்காளி, கத்தரி, மிளகாய் ஒண்டும் வேண்டாம், நெல்லுப் போட வசதி இருந்தால் தண்ணி கட்டி நெல்லுப் போடுங்கோ, இல்லாட்டி சோளம்.


முத்தையன்கட்டு_தோட்டம் எழுதினது:

பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் சேந்து நிண்டால் முதல்ல கந்தகத்தைப் பின்னேரத்தில அடிச்சுப்போட்டு, இரண்டு கிழமைக்குப் பிறகு வேப்பங்கொட்டைக்குப் போ தம்பி. பரிசோதனை வரிசையில மட்டும் கந்தகம் போடாத, பிறகு எது வேலை செய்தது எண்டு தெரியாது. அக்கா, வேப்பங்கொட்டை அளவு ஒருக்கா எழுதிவிடுங்கோ, எல்லாருக்கும் உதவும்.


பூச்சிப்பிரியை எழுதினது:

பத்து லீற்றர் தண்ணிக்கு அரைக் கிலோ பருப்பு, கோது நீக்கின பருப்பைச் சொல்லுறன். இடிச்சுத் துணியில கட்டி இராவு ஊறவிட்டு, விடியப் பிழிஞ்சு இரண்டு தரம் வடியுங்கோ, இல்லாட்டி மெசின் முனை அடைக்கும். வடிச்சதை நிழலில மூடி வைச்சு அண்டைக்குப் பின்னேரமே வெய்யில் சாய அடிச்சு முடிக்கோணும், இலைக்குக் கீழ படோணும். சவர்க்காரம் ஒரு தேக்கரண்டித் தூள் காணும், சவர்க்காரம் போடுற எல்லா வரிசைக்கும் அதே அளவு. ஐஞ்சு நாளைக்குப் பிறகு திரும்ப எண்ணிப் பாருங்கோ.

பழம் விழுந்த உடன பொறுக்குங்கோ, நாள்க்கணக்கா மண்ணில கிடந்தது வேண்டாம். சதையைக் கழுவி நிழலில காயவிட்டுச் சாக்கில கட்டித் தொங்கவிடுங்கோ, பொலித்தீன் பையில கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கறுத்த பருப்பு இருந்தால் பொறுக்கி எறிஞ்சிட்டு இடியுங்கோ. எண்ணின கணக்கை இங்கயே போடுங்கோ, கூடிச்சோ குறைஞ்சுதோ ஒண்டும் மறைக்காமல்.